இன்ஜின் அடியில் கிடைத்த போல்ட்டு எங்கிருந்து விழுந்தது?

கேள்வி இதுதான். தேவிபட்டினத்தில் நிற்கிற, பாய் வைத்த ஃபைபர் வள்ளம். உள்ளே ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், கியர் பாக்ஸ், ஷாஃப்ட். தண்ணீர் இறைத்துத் துடைக்கும்போது இன்ஜினுக்கு அடியில், அமரப் (பின்புறப்) பக்கமாக ஒரு போல்ட்டு கிடைத்திருக்கிறது. தலையில் 8.8 என்று இருக்கிறது. 17 நம்பர் ஸ்பேனர் சரியாக உட்காருகிறது. மரை மேல் அளந்தால் 10 மி.மீ., தலைக்குக் கீழே நீளம் 50 மி.மீ. நுனியில் ஒரு 15 மி.மீ. தூரத்துக்கு மரைக்குள் நீலமாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. மரையில்லாத தண்டுப் பகுதி ஒரே ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. எங்கிருந்து விழுந்தது, அது தெரிகிறவரை ஓட்டலாமா, இதையே திருப்பிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: ரெண்டு மாதமாக பெல்ட் அடிக்கடி தளர்ந்துவிடுகிறது, ஸ்டார்ட் பண்ணினால் கீச்சென்று கத்துகிறது.

அந்தக் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் அங்கே போவதற்கு முன்னால் வேறொரு இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் தம்பி. அதுவரை ஓட்டாதீர்கள். செல்ஃப் அடித்துப் பார்ப்பதுகூட வேண்டாம், பேட்டரி சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஒரு போல்ட்டு விழுந்திருக்கிறது என்றால் அது பிடித்திருந்த சாமான் மிச்சமிருக்கும் போல்ட்டுகளில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அதில் இன்னொன்று பாதி கழன்று பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தால், ஒரு சுற்று போதும்.

முதலில் பார்க்க வேண்டியது கப்ளிங். கியர் பாக்ஸின் ஃபிளாஞ்சையும் (வட்டத் தட்டு) ஷாஃப்டின் ஃபிளாஞ்சையும் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, கையால் ஆட்டினால் ஆடுகின்றனவா, ஸ்பேனர் வைத்தால் அசைகின்றனவா என்று பாருங்கள். அதோடு, ஷாஃப்டைக் கப்ளிங்குக்குள் இறுக்கிப் பிடிக்கிற செட் போல்ட்டையும் பாருங்கள். மற்ற எந்த போல்ட்டு விழுந்தாலும் இன்ஜின் நிற்கும், சூடாகும், சத்தம் போடும், அவ்வளவுதான். கப்ளிங் விட்டுப்போனால் ஷாஃப்ட் பின்னால் நழுவி, அது வெளியே போகிற குழாயான ஸ்டெர்ன் டியூப் ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வரும்.

பாய் வைத்த படகுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இன்ஜினில் முன்னால் ஓடும்போது ப்ரொப்பல்லர் ஷாஃப்டை அணியத்து (முன்புறப்) பக்கமாகத் தள்ளுகிறது. ரெண்டு ஃபிளாஞ்சும் ஒன்றோடொன்று அழுந்திக்கொண்டே இருக்கும், போல்ட்டு தளர்ந்திருந்தாலும் பெரிதாகத் தெரியாது. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாயில் ஓடினால் கதை தலைகீழ். அப்போது தண்ணீர் ப்ரொப்பல்லரைப் பின்னால் இழுக்கிறது, ஷாஃப்டும் அதோடு பின்னால் இழுபடுகிறது. ரிவர்ஸ் போட்டாலும் இதே இழுப்புதான். ஆக, தளர்ந்த கப்ளிங் கைவிடுவது இன்ஜின் ஓடும்போது இல்லை, கச்சான் காற்றில் பாயை விரித்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போதுதான். "பாய் இருக்கிறதே, இன்ஜின் போனால் என்ன" என்று நம் பக்கம் சொல்வார்கள். இன்ஜின் போவதற்கு அது சரி, ஷாஃப்ட் போவதற்கு அது பொருந்தாது. பல படகுகளில் நழுவுகிற ஷாஃப்டைச் சுக்கான் தடுத்துவிடும். உங்கள் வள்ளத்தில் ப்ரொப்பல்லருக்கும் சுக்கானுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளாண்டுக்கும் (ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் வராமல் அடைக்கிற பகுதி) கப்ளிங்குக்கும் இடையில் ஷாஃப்டின் மேல் நல்லதாக ஒரு கிளாம்ப் இறுக்கி வைத்தால், கப்ளிங் விட்டாலும் அந்தக் கிளாம்ப் கிளாண்டில் போய் முட்டி நிற்கும். செலவு மிகக் குறைவு.

கப்ளிங் முழுசாக இருக்கிறது என்றால் அடுத்து இன்ஜினை பெட்டில் (அது உட்காருகிற தளத்தில்) பிடிக்கிற மவுண்டுகள். நாலு மூலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் மவுண்ட் என்றால் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடம்.

இனி உங்கள் கையில் இருக்கும் போல்ட்டுக்கு வருவோம். காலி ஓட்டையைத் தேடி இன்ஜினைச் சுற்றி வருவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது நேரக்கேடு. எந்த இன்ஜின் பிளாக்கிலும் பயன்படாத மரை ஓட்டைகள் நிறைய இருக்கும். ஒரே பிளாக்கை டிராக்டருக்கும், ஜெனரேட்டருக்கும், படகுக்கும் செய்கிறபோது வேறு வேறு பிராக்கெட் மாட்ட ஓட்டை விட்டுவைப்பார்கள். அவற்றின் மரையில் பெயிண்ட் போயிருக்கும், அல்லது பழைய துருவும் அழுக்கும் அடைத்திருக்கும். போல்ட்டு விழுந்த ஓட்டை அப்படி இருக்காது, மரை சுத்தமாக மின்னும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எந்தப் பக்கம் பார்ப்பது என்று முதலில் தெரிய வேண்டும். அதைப் போல்ட்டுதான் சொல்லும்.

கிடைத்த இடத்தையும் நம்பாதீர்கள். பாயில் ஓடும் வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தே ஓடுகிறது, பருமலை (பாய் கட்டும் குறுக்குக் கம்பை) மாற்றிக் கட்டினால் மறுபக்கம் சாய்கிறது. அடியில் கிடக்கும் எண்ணெய்த் தண்ணீரில் போல்ட்டு அங்கும் இங்கும் உருண்டு, கடைசியில் பள்ளமான இடத்தில் தங்கும். இன்ஜின் பாரத்தால் நிற்கும்போது பள்ளம் பெரும்பாலும் அமரப் பக்கம்தான். அங்கே கிடைத்ததற்கு அதற்கு மேல் அர்த்தம் இல்லை.

8.8 என்பதிலிருந்து ரெண்டு விஷயம் தெரிகிறது. இது மில்லிமீட்டர் போல்ட்டு, அதோடு சாதாரணக் கடைப் போல்ட்டு இல்லை. முதல் 8 என்றால் இழுவிசைத் தாங்கும் அளவு 800 மெகாபாஸ்கல், அடுத்த 8 என்றால் அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை இழுத்தாலும் நீண்டு நிற்காமல் பழைய நிலைக்குத் திரும்பும். பாரம் தாங்குகிற இடத்துக்குத்தான் இதைப் போடுவார்கள். மூடி, தகடு, கவர் எல்லாம் இதில் கழிந்துவிடும். பழைய லிஸ்டர் வகை இன்ஜினாக இருந்தால் இஞ்ச் மரை வரும். அதில் 3/8 இஞ்ச் போல்ட்டு 9.5 மி.மீ. விட்டம், கண்ணால் பார்த்தால் 10 மி.மீ. போலவே இருக்கும். நட்டு ரெண்டு சுற்று போய் இறுகும், பலமாகத் திருகினால் மரை போய்விடும். உங்களுடையதில் 8.8 இருப்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

17 நம்பர் தலையும் ஒரு சேதி சொல்கிறது. 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜெர்மன் அளவில் 17, புதிய ஐ.எஸ்.ஓ. அளவில் 16, ஜப்பான் இன்ஜின்களில் பெரும்பாலும் 14. உங்கள் இன்ஜின் எது என்று எழுதவில்லை. ஜப்பான் இன்ஜின் என்றால் இது கம்பெனி போட்ட போல்ட்டு அல்ல, பிற்பாடு யாரோ மாற்றியது. அப்படியானால் ஒருமுறை கழன்றோ உடைந்தோ போன இடம் அது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீலமாக ஒட்டியிருப்பது மரைப் பசை. கடையில் லாக்டைட் என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். கைக் கருவியால் கழற்றக்கூடிய வகை நீல நிறத்தில் வரும். காற்றுப் படாமல் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டினால்தான் அது இறுகும், வெளியே நின்ற மரையில் காயாமல் வழிந்து போய்விடும். ஆகவே காய்ந்து ஒட்டியிருக்கும் அந்த 15 மி.மீ.தான் போல்ட்டு உள்ளே ஏறியிருந்த தூரம். மொத்தம் 50இல் 15 போனால் மிச்சம் 35 மி.மீ. வாஷர் இருந்திருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். இந்த போல்ட்டு கிட்டத்தட்ட 32, 33 மி.மீ. கனமுள்ள ஒரு சாமானை ஊடுருவிப் பிடித்திருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் காதும், சின்ன கியர் பாக்ஸின் பெல் ஹவுசிங் ஓரமும் இவ்வளவு கனம் வராது. வார்ப்பில் செய்த பிராக்கெட்டின் கால் வரும்.

உள்ளே ஏறியது நட்டிலா, வார்ப்பிலா? இதற்கு எளிய வழி இருக்கிறது. நட்டு போட்ட போல்ட்டு விழ வேண்டுமென்றால் நட்டு முதலில் கழன்று விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த நட்டும் அடியிலேதான் கிடக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி அடி முழுக்க, இன்ஜின் பெட்டுக்குக் கீழேயும், தண்ணீர் போகிற துளைகளிலும் இழுத்துப் பாருங்கள். வாஷரும் வரலாம். நன்றாக அலசியும் நட்டு சிக்கவில்லை என்றால் அது நேராக வார்ப்பில் ஏறிய போல்ட்டு. 10 மி.மீ. போல்ட்டு 15 மி.மீ. ஏறியிருக்கிறது என்பதே வார்ப்பைத்தான் காட்டுகிறது, சாதாரண நட்டின் கனம் 8 மி.மீ.தான் வரும். அலசும்போது எடுக்கிற எண்ணெய்த் தண்ணீரைக் கேனில் பிடித்து வையுங்கள், கடலில் இறைக்காதீர்கள். நம் வலை விழுகிற தாழை (கடற்புல்) அங்கேதான் இருக்கிறது.

இப்போது அந்த ஒரு பக்கத் தேய்மானம். எனக்கு இதுதான் முக்கியமான சாட்சி. கழன்ற போல்ட்டு ஓட்டைக்குள் ஆடும்போது எந்தப் பக்கம் அழுத்தம் வருகிறதோ அந்தப் பக்கம் தேயும். கப்ளிங் போல்ட்டாக இருந்தால் முன்னால் ஓடும்போது ஒரு பக்கமும், ரிவர்ஸில் எதிர்ப்பக்கமும் தேய்ந்திருக்கும். மவுண்ட் போல்ட்டாக இருந்தால் இன்ஜின் குலுங்கக் குலுங்கச் சுற்றிலும் தேயும். ஒரே பக்கம் என்றால் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிற ஒன்று வேண்டும். இன்ஜினில் அப்படி இழுப்பது பெல்ட்தான்.

ஆக, பேட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற ஆல்டர்னேட்டரை பிளாக்கோடு பிடிக்கிற பிராக்கெட்டைப் பாருங்கள். பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்யும் வளைந்த பட்டையை அல்ல, அது வெளியே தெரியும், அதைத்தான் நீங்கள் அடிக்கடி இறுக்கியிருப்பீர்கள். அடியில், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் மறைந்து நிற்கிற கனமான பிராக்கெட். கண் போகாது, போன் கேமராவை உள்ளே நீட்டிப் படமெடுங்கள், விரலை விட்டுத் தடவுங்கள். ரெண்டோ மூன்றோ போல்ட்டு இருக்கும், ஒன்று இல்லாமல் இருக்கும். மிச்சத்தில் ஒன்றாவது தளர்ந்திருக்கும். பிராக்கெட்டும் பிளாக்கும் சேருகிற ஓரத்தில் செந்தூரம் மாதிரி சிவப்புப் பொடி கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ரெண்டு இரும்புப் பரப்பு இறுக்கமில்லாமல் உரசிக்கொண்டே இருந்தால் வருகிற பொடி அது, தண்ணீர்த் துரு இல்லை.

பெல்ட் ஏன் அடிக்கடி தளர்ந்தது என்பதும் இதில் வந்துவிடுகிறது. பெல்ட் நீளவில்லை, ஆல்டர்னேட்டர் அடியோடு பெல்ட் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. நீங்கள் மேலே இறுக்க இறுக்க, கீழே போல்ட்டின் மேல் இழுப்பு கூடியது. நிறைய இன்ஜின்களில் இதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. உங்களுடையதும் அப்படி என்றால், பெல்ட் அறுந்தால் போவது பேட்டரி சார்ஜ் மட்டுமில்லை. பாம்பன் கால்வாயின் நீரோட்டத்தில் பாலத் தூண்களுக்கு நடுவே இன்ஜின் கொதித்து நின்றால் பாயைக் கட்டி ஏற்ற நேரம் இருக்காது.

பட்டறையில் தவறவிட்ட போல்ட்டாக இருக்கக்கூடாதா என்றால், அப்படியும் நிறைய நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு எல்லாம் கரையேறி வேலை நடக்கும்போது ஃபிட்டர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒன்று கை தவறி அடியில் போனால் குனிந்து தேடாமல் டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் அப்படி விழுந்த போல்ட்டில் தலைக்குக் கீழே வாஷர் அழுந்திய வளையம் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும், தண்டு ஒரு பக்கம் இப்படி மினுமினுவென்று தேய்ந்திருக்காது. உங்கள் போல்ட்டு ஓட்டைக்குள் இருந்து ரொம்ப நாள் ஆடியிருக்கிறது.

ஸ்பிரிங் வாஷர் போட்டிருந்தால் கழன்றிருக்காது என்று யாராவது சொல்வார்கள். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969இல் இதைச் சோதித்துக் காட்டினார். போல்ட்டை நீளவாக்கில் இழுத்து விடுவதால் அது அவ்வளவாகக் கழலுவதில்லை, பிடித்திருக்கும் சாமான் பக்கவாட்டில் நழுவுகிறபோதுதான் ஒவ்வொரு நழுவலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே திரும்பிக் கழன்று வருகிறது. அந்த நழுவலை ஸ்பிரிங் வாஷர் தடுப்பதில்லை. முழு இறுக்கம் தடுக்கிறது. இந்த போல்ட்டில் பசை போட்டும் வந்திருக்கிறது என்றால், ஒன்று இறுக்கம் போதவில்லை, அல்லது எண்ணெய் துடைக்காமல் பசை போட்டிருக்கிறார்கள், அல்லது பிராக்கெட் சரியாக உட்காராமல் நடுவில் பெயிண்ட்டோ துருவோ இருந்திருக்கிறது.

அதனால் காலி இடத்தில் ஒரு போல்ட்டைச் செருகி வேலையை முடித்துவிடாதீர்கள். பெல்ட்டைக் கழற்றி, ஆல்டர்னேட்டரை இறக்கி, பிராக்கெட்டையே வெளியே எடுங்கள். ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கிறதா, காலின் மூலையில் விரிசல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் பிடித்தால் விரிசலில் எண்ணெய்க் கோடு தெரியும். விரிசல் இருந்தால் வெல்டிங் வைக்காதீர்கள், வார்ப்பு இரும்பில் வைக்கிற வெல்டிங் இந்தக் குலுக்கலுக்கு நிற்பது அபூர்வம். வேறு பிராக்கெட் பாருங்கள். ஓட்டை மட்டும் கொஞ்சம் விரிந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து புஷ் (உள்வளையம்) அடிக்கலாம். பிளாக்கிலும் பிராக்கெட்டிலும் சேருகிற முகத்தைப் பளிச்சென்று சுரண்டிச் சுத்தம் பண்ணுங்கள், பெயிண்ட் இருக்கக்கூடாது. பிளாக்கின் ஓட்டைக்குள் டேப் (மரை வெட்டுகிற கருவி) விட்டுப் பழைய பசையை எடுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய் போகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அந்த போல்ட்டைத் திருப்பிப் போடாதீர்கள். ஒரு பக்கம் தேய்ந்த தண்டு தேய்ந்த இடத்தில்தான் அடுத்து உடையும். விழுந்தது ஒன்றுதான் என்றாலும் அந்த பிராக்கெட்டின் எல்லா போல்ட்டையும் புதிதாகவே வாங்குங்கள், ஒன்று கழன்ற பிறகு அதன் பாரத்தையும் மற்றவைதான் தாங்கியிருக்கின்றன. ராமநாதபுரத்தில் இன்ஜின் சாமான் கடையில் "பத்து எம்.எம்., எட்டு புள்ளி எட்டு" என்று கேளுங்கள், மரை இடைவெளி 1.5தானா என்று பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் என்பதால் ஸ்டெயின்லெஸ் போடுங்கள் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டு 450 மெகாபாஸ்கலிலேயே நீளத் தொடங்கிவிடும், 8.8க்கு அது 640. பிராக்கெட்டுக்குத் தேவை துருப்பிடிக்காமை அல்ல, இறுக்கம். 8.8 போட்டுவிட்டு, வெளியே தெரிகிற தலையில் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பேனர்) இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் புத்தகத்தில் அளவு இருந்தால் அதுதான் கணக்கு, இல்லையென்றால் 10 மி.மீ. 8.8க்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர். பசை போட்ட பிறகு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட்டுக்குக் குறுக்கே நகப்பூச்சில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திப் பாருங்கள், கோடு முறிந்திருந்தால் போல்ட்டு திரும்பியிருக்கிறது.

கப்ளிங் போல்ட்டுகளுக்கும் அதே நகப்பூச்சுக் கோடு போடுங்கள். தேவிபட்டினம் பக்கம் கடல் ஆழமில்லை, ப்ரொப்பல்லரில் வலைத் துண்டும் தாழையும் சுற்றுவது சகஜம், ஒவ்வொரு சுற்றலும் ஷாஃப்டை ஒரு உலுக்கு உலுக்கும். வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டாலும் அடி நெளிந்து இன்ஜினுக்கும் ஷாஃப்டுக்கும் நேர்க்கோடு மாறும். அதைச் சரிபார்ப்பதானால் கரையில் வைத்துப் பார்க்காதீர்கள், வள்ளம் தண்ணீரில் மிதக்கும்போது கப்ளிங் போல்ட்டைத் தளர்த்தி, ஃபிளாஞ்சு இடைவெளியைச் சுற்றிலும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) அளக்க வேண்டும். 100 மி.மீ. ஃபிளாஞ்சுக்கு இடத்துக்கு இடம் 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மவுண்டில் சரி பண்ண வேண்டும்.

பிராக்கெட்டில் போல்ட்டு எல்லாம் முழுசாக இருந்தால் என் கணிப்பு தவறு. அப்போது இன்ஜின் பெயர், மாடல், பெல்ட் பக்கம் நேராக எடுத்த படம், போல்ட்டின் தேய்ந்த பக்கம் தெரிகிற படம் இந்த நாலையும் அனுப்புங்கள். பெல்ட்டில் ஓடுகிற வேறு ஏதாவது, தண்ணீர் இறைக்கிற பம்ப் மாதிரி, பிற்பாடு மாட்டியிருக்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள்.